லேஸ் வைத்த உறை

2023 பொங்கல் முடிந்த புதன்கிழமை நான் ஊர் சுற்றக் கிளம்பினேன். வழியனுப்ப வந்த கருங்குழி தையல்காரி சுலோச்சனா அக்காவின் முகம் வாடியிருந்தது. ஆன்லைன் விண்ணப்பம் போட்டுத்தரும் கடை வைக்க, பழைய கம்ப்யூட்டர் வாங்கி, மெமரியும் ஹார்டு டிஸ்கும் மாற்றி, தூசு படாமல் லேஸ் வைத்த உறையும் தைத்து எந்நேரமும் போர்த்தியிருந்தார். ஆனாலும் அது ஓட ஓட அணைந்துபோனது.

“இன்னும் இன்னாத்த மாத்தறது? கையில டப்பு இல்ல கண்ணு.”

“உறை மட்டும் சூப்பர்க்கா,” என்றேன்.

ஆயுத பூஜையன்று, நான் லடாக்கில் இருந்தபோது, அக்காவின் செய்தி வந்தது:

“பொட்டு வெக்க உறைய கழட்டினேன். பாட்டு போட்டேன். காலையிலேர்ந்து அணையவே இல்ல! இத்தினி நாளா மூச்சு முட்டிகினு இருந்துகீது, பாவம். ஜாக்கெட்டுக்கு வெக்கற மாதிரி முதுகுல ஜன்னல் வெச்சி வேற தைச்சிட்டேன். நாளைக்கு விஜயதசமி, கடை தொறக்கறேன்.”