ரோஸி ஆன்டி இறங்க மாட்டேன் என்றார்

புதுப் பெட்டியின் பிளாஸ்டிக் வாசனை... அதோடு புகை மெஷினிலிருந்து வந்த திகட்டும் இனிப்பு வாசனை. இன்றைக்கும் எங்காவது அது மூக்கில் ஏறினால் என் மனசு அந்த ரயிலுக்குள் போய் நின்றுவிடுகிறது.

கிள்ளான் பக்கம் புது எல்ஆர்டி ரயில் பாதை திறப்பதற்கு முந்திய சமயம். டிராம் மாதிரி சின்னச் சின்னப் பெட்டிகள். பயணிகளை ஏற்றுவதற்கு முன்னால், விபத்து நடந்தால் என்ன செய்வது என்று தீயணைக்கிற பொம்பா, போலீஸ், ஆம்புலன்ஸ் எல்லாருக்கும் ஒத்திகை வைத்தார்கள். நான் ஆம்புலன்ஸில் சேர்ந்த புதுசு. பயத்தில் காலையில் வாங்கிய ரொட்டி சானாயைக்கூட அப்படியே வைத்துவிட்டு வந்தேன், போங்கள்!

பயணிகளாக நடிக்க பிரிக்ஃபீல்ட்ஸிலிருந்து ஒரு பஸ் நிறைய ஆட்கள் வந்தார்கள். ஆளுக்கொரு அட்டையைக் கழுத்தில் மாட்டினோம். பச்சை என்றால் நடக்க முடிந்தவர். சிவப்பு என்றால் ஆபத்தில் இருப்பவர். வெள்ளை என்றால்... இறந்தவர்.

அந்த வெள்ளை அட்டை, நடிக்க வந்தவர்களில் ஒருவரான ரோஸி ஆன்டிக்கு வந்தது. முகம் அப்படியே வாடிவிட்டது. பக்கத்தில் இருந்த அவர் வீட்டுக்காரர் சகாயம் அங்கிள், அதைக் கழற்றித் தன் கழுத்தில் போட்டுக்கொண்டு தன்னுடைய பச்சை அட்டையை அவருக்கு மாட்டிவிட்டார்.

"படுத்துக் கெடக்குறதுதானே? வீட்டுல தெனமும் செய்யுற வேலதான் லா," என்று சிரித்தார்.

ஒத்திகை ஆரம்பித்தது. ஒரே புகை, ஒரே அலறல். பச்சை அட்டைக்காரர்கள் எல்லாரையும் பெட்டியிலிருந்து முதலில் இறக்குவது என் பொறுப்பு. அவர்கள் இறங்கினால்தான் பொம்பாக்காரர்கள் உள்ளே வருவார்கள்.

எல்லாரும் இறங்கிவிட்டார்கள்... ஆன்டியைத் தவிர. தரையில் கண்ணை மூடிப் படுத்திருந்த அங்கிள் பக்கத்தில் சப்பணம் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

"ஆன்டி, வாங்க. டைம் ஆகுது."

"நீ போம்மா. நான் வரல."

"நடிப்புதானே ஆன்டி!"

"தெரியுது மா. நடிப்புன்னாலும்... இவர விட்டுட்டு நானா எழுந்து போன மாதிரி ஆயிரும்ல?"

இதற்கெல்லாம் வகுப்பில் யார் சொல்லிக் கொடுத்தார்கள்? வெளியே பெரிய ஆபீசர் கத்துகிறார். ஒத்திகை இந்தப் பெட்டியில் கெட்டால் என் தலைதான் உருளும். ஆனால் ஆன்டியின் கண்ணைப் பார்த்த பிறகு கையைப் பிடித்து இழுக்க மனசு வரவில்லை. நானும் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன்.

அப்போது பிணம் பேசியது.

"ரோஸி, போ லா. கீழ நாசி லெமாக் குடுக்குறாங்க. எனக்கும் ஒரு பொட்டலம் எடுத்து வை. பசி உயிர் போவுது."

வாசலில் நின்ற மலாய்க்கார பொம்பா அண்ணன், "பாக் சிக்! ஓராங் மாத்தி தாக் போலே சாக்காப்!" என்று அதட்டினார். செத்தவர் பேசக்கூடாதாம்! சொன்னவரே அடக்க முடியாமல் சிரித்துவிட்டார்.

ஆன்டி கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். கதவுவரைக்கும் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டேதான் வந்தார்.

இப்போது அந்த ரயில் ஓடுகிறது. அன்றைக்கு நாங்கள் உருண்டு புரண்ட பெட்டியில் இன்றைக்குக் காலை வேளைகளில் நிற்க இடம் கிடைக்காது. எல்லாரும் போனைப் பார்த்துக்கொண்டு போகிறார்கள். நானும் இப்போது புதுசாகச் சேர்பவர்களுக்குப் பாடம் எடுக்கிறேன். இறங்கச் சொல்வதற்கு முன்னால், "கூட யாரு வந்திருக்காங்க?" என்று கேளுங்கள் என்பேன்.

போன மாதம் அதே ரயிலில் ரோஸி ஆன்டியைப் பார்த்தேன். தனியாக இருந்தார். நான் கேட்பதற்கு முன் அவரே சொல்லிவிட்டார்... அங்கிள் ஆஸ்பத்திரியில் தவறிப் போய்ச் சில மாதம் ஆகிறதாம்.

"வீட்டுக்குப் போய் ரெஸ்ட் எடுங்கன்னு நர்ஸுங்க சொன்னாங்க மா. இவரும் போகச் சொன்னாரு. இந்த வாட்டி யாரு பேச்சையும் கேக்கல. கையப் பிடிச்சிக்கிட்டு அங்கயே உக்காந்திருந்தேன்."

சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

நான் இறங்க வேண்டிய ஸ்டேஷன் வந்தது. கதவு திறந்தது... மூடியது. நான் இறங்கவில்லை.