ஆளில்லாத வீட்டில் எரிந்த அடுப்பு

போன சனிக்கிழமை இரண்டு பஸ்ஸைத் தவறவிட்டோம். காரணம் வழமையானதுதான். ஒஸ்லோவில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்து ரொம்சோஸ் பஸ் தரிப்பில் நின்றபடி என் மனைவி வதனி கேட்டாள்: “இஞ்சாருங்கோ, அடுப்பை நிப்பாட்டினனானோ?”

ஓடிப்போய்ப் பார்த்தேன். நிப்பாட்டித்தான் இருந்தது. கலியாணம் கட்டிய பத்து வருடமாக அப்படித்தான் இருக்கிறது!

ஆனால் சிரிக்கவும் முடியாது. ஊரில் ஷெல் விழத் தொடங்கியபோது, உலையில் அரிசி போட்டுவிட்டு அப்படியே ஓடி வந்தவள். அடுப்பை அணைத்தாளா... அவளுக்கு நினைவில்லை. இப்போது சமாதானம் என்கிறார்கள். அந்த வீடோ இன்னும் ஆமியின் முள்வேலிக்குள். போய்ப் பார்க்க வழியில்லை.

நாங்கள் புறப்பட்டது ஒஸ்லோவுக்கு வெளியே, மியூசியமாக வைத்திருக்கிற ஒரு பழைய பண்ணைக்கு. காட்டை வெட்டி முதன்முதலில் குடியேறியவர்களின் வீடு. அந்தக்கால உடுப்போடு ஆட்கள் மாடு கறப்பார்கள், ரொட்டி சுடுவார்கள். வேலையிடத்தில் ஓசி டிக்கெட் தந்தால் விடுவோமா?

போனால் ஒருவரையும் காணோம். கதவு திறந்து கிடந்தது. சப்பாத்தைக் கழற்றிவிட்டு உள்ளே போனோம். மியூசியத்துக்குள் சப்பாத்தைக் கழற்றுகிற சாதி நாங்கள் மட்டும்தான்.

மேசையில் நாலு கிண்ணம் கஞ்சி. ஆவி பறந்தது. ஆணியில் ஒரு சின்னச் சட்டை. தொட்டில் மெதுவாக ஆடிக்கொண்டிருந்தது. காற்றாக இருக்கலாம்... ஆனால் ஜன்னல் பூட்டியிருந்தது. அடுப்பில் பானை கொதித்தது.

“ஆக்கள் எங்கை?” என்றாள் வதனி.

பின்கதவால் ஒரு பெண் வந்தார். நீளப் பாவாடை, தலையில் துணி. வேஷத்தை விட்டு இறங்கக் கூடாது என்பது அங்கே சட்டம். சிரிக்காமல் நோர்வீஜியனில் சொன்னார்: “எல்லோரும் காட்டுக்குப் போயிருக்கிறார்கள். இப்போது வந்துவிடுவார்கள்.”

“வரமாட்டினம்,” என்றாள் வதனி. தமிழில்.

வாளித் தண்ணீரைத் தூக்கி அடுப்பில் ஊற்றினாள். வீடு முழுக்கப் புகை. கோடை முழுவதும் அணையாமல் காத்த நெருப்பாம்! அந்தப் பெண் வேஷத்தை மறந்து கத்தினார். நான் மன்னிப்புக் கேட்டுக் களைத்துப்போனேன். வதனியோ குந்தியிருந்து, ஒவ்வொரு கொள்ளியாகத் தொட்டுச் சூடு பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்தில் பயமே இல்லை.

அடுப்பு எரிகிற ஆளில்லாத வீட்டை அகதிக்குக் காட்டினால், அது அவனுக்கு மியூசியமாகவா தெரியும்?

திரும்பும் பஸ்ஸில் அவள் என் தோளில் சாய்ந்து நித்திரையாகிவிட்டாள். அடுப்பைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. கலியாணம் கட்டியதிலிருந்து இதுதான் முதல் தடவை.

பாதி வழியில் எனக்கு ஒரு சந்தேகம். காலையில் ஓடிப்போய்ப் பார்த்தவன் நான்தான். ஆனாலும்... உண்மையிலேயே பார்த்தேனா?