மார்கழியில் இழுத்த கரைவலை

நான் கணக்குப் படிப்பிக்கிறவள். பேய் பிசாசுக் கதையொண்டும் என்னட்ட எடுபடாது. நீங்கள் சிரிப்பீங்கள் எண்டு தெரியும், சிரியுங்கோ, ஆனா நடந்ததைத்தான் சொல்லுறன்.

போன மார்கழி லீவுக்கு என்ர தம்பி கனடாவில இருந்து வந்தவன். அங்க பனிக்குள்ளயும் மலையேறி நடக்கிறவனாம், அளம்பில்ல இருந்து நாயாறு மட்டும் கடற்கரையால நடப்பம் எண்டு ஒரே கரைச்சல். சரியெண்டு கிளிநொச்சியில இருந்து வாடகை வானில போய் அளம்பில்ல இறங்கி, வானை நாயாற்றுக்கு அங்கால நிக்கச் சொல்லிப்போட்டு, தூறலுக்குள்ள நடந்தம். அங்க ஆத்துவாயில மணல் திட்டு ஒண்டு குறுக்க கிடக்கும், அதாலதான் அங்கால போகலாம், வெள்ளம் கூடினா அதை உடைச்சுக்கொண்டு போயிடும். உடைய முதல் கடக்கவேணும் எண்டு எனக்கு அந்தரம்.

செம்மலை தாண்ட, பத்துப் பன்னிரண்டு பேர், கடலில விட்ட கரைவலையைக் கரையில நிண்டு கயித்தால இழுத்துக்கொண்டு நிக்கினம். அதால போறவை சும்மா போகக்கூடாது, கயித்தில ஒரு கை வைக்கவேணும், வைச்சா கறிக்கு மீன் தருவினம். நானும் பிடிச்சன். பின்னால தம்பியும் வந்து இழுக்கிறது தெரிஞ்சது. நம்பினா நம்புங்கோ, அரை மணித்தியாலம் இழுத்தும் வலை வரேல்லை. முன்னால நிண்டவர் திரும்பாமலே, "போகலாம் தங்கச்சி, இன்னும் கொஞ்சம்" எண்டார்.

அப்பத்தான் அங்கால பெரிய இரைச்சல் கேட்டது. தம்பி என்னை இழுத்துக்கொண்டு ஓடினான். போய்ப் பாத்தா திட்டு உடைஞ்சு, மரங்களும் உருண்டு கடலுக்குள்ள போகுது. நிக்காமல் போயிருந்தா சரியா நடுவில நிண்டிருப்பம்.

வானை இங்கால வரச்சொல்லி ஏறினாப் பிறகு நடந்ததைச் சொன்னன். வான்காரர் செம்மலைக்காரர், மார்கழியில கொந்தளிக்கிற கடலில ஆர் அக்கா கரைவலை போடுறது எண்டு சிரிச்சார். இரணைமடுக் குளத்து மீன் தின்னுற எங்களுக்குக் கடல் பருவம் எங்க தெரியும்? தம்பி யன்னலால கடலையே பாத்துக்கொண்டு வந்தான்.

ஆரோ எங்களைக் காப்பாத்தியிருக்கினம் எண்டு, நானே என்னை நக்கலடிச்சுக்கொண்டு, வெள்ளிக்கிழமையில அவைக்கு ஒரு விளக்கு வைக்கத் தொடங்கினன். போன கிழமை தம்பி போன் எடுக்கேக்க அதைச் சொன்னன்.

"அக்கா, அதில ஒருத்தரும் நிக்கேல்லை. கயிறு மட்டும்தான். நீங்கள் அதைப் பிடிச்சபடி கடலுக்குள்ள இறங்கிக்கொண்டிருந்தீங்கள். நான் கயித்தைத் தொடவே இல்லை, உங்களைத்தான் பிடிச்சு இழுத்தனான்."

நாளைக்கு வெள்ளி. விளக்கு வைக்கிறதோ விடுறதோ, எனக்குத் தெரியேல்லை.