வண்டியைத் திருப்ப வேண்டாம் என்றேன்

ஓமானில், சலாலாவுக்குப் போகும் நெடுஞ்சாலையில், பாலைவனத்துக்கு நடுவே இருந்த ஒரு பெட்ரோல் பங்க்கின் கழிப்பறையில்தான் மலத்தில் ரத்தத்தை முதலில் பார்த்தேன். வெளியே காரில் என் கணவர் ஜெரோமும் மகள் ரீனாவும் காத்திருந்தார்கள். மழை மாதங்களில் சலாலாவின் மலைகள் பச்சையாகிவிடும். அதைப் பார்க்க மஸ்கட்டிலிருந்து ஒரு முழுப் பகல் கார் ஓட்டிப் போவது ஆண்டுதோறும் எங்கள் வழக்கம். தண்ணீரை ஊற்றிவிட்டு வெளியே வந்தேன். "போலாம்" என்றேன்.

நான் மஸ்கட்டில் பதினெட்டு ஆண்டுகளாக நர்ஸ். வேறு யாராவது இதைச் சொல்லியிருந்தால் அன்றைக்கே டாக்டரிடம் அனுப்பியிருப்பேன். எனக்கு நானே மூலம் என்று சொல்லிக்கொண்டேன். ஏழு மாதம் அப்படியே சொல்லிக்கொண்டிருந்தேன். இதை வாசிக்கும் உங்களில் யாராவது இப்போது அப்படிச் சொல்லிக்கொண்டிருந்தால், மீதியைப் பிறகு படிக்கலாம், முதலில் போய்க் காட்டிவிட்டு வாருங்கள்.

விடுமுறைக்குக் கருமத்தம்பட்டியில் இருக்கும் சேவியர் அண்ணன் வீட்டுக்கு வந்தபோது உடம்பு ஆறு கிலோ இறங்கியிருந்தது. அண்ணி செல்வி என்னைப் பார்த்த பார்வையே போதுமாக இருந்தது. மறுநாளே கோயமுத்தூருக்குப் போனோம். பயாப்ஸி (கட்டியிலிருந்து சிறு துண்டு எடுத்துச் சோதிப்பது) செய்தார்கள். மலக்குடலில் புற்று.

டாக்டர் என்னைவிட இளையவர். ஸ்கேனைத் திரையில் காட்டி நிதானமாகப் பேசினார்.

"சிஸ்டர், உங்களுக்குச் சுத்தி வளைச்சுச் சொல்ல வேண்டியதில்லைங்க. கட்டி ரொம்பக் கீழ இருக்குது. மொதல்ல கதிர்வீச்சு, அப்புறம் ஆபரேசன். மலவாய எடுத்துட்டுக் கீழ மூடித் தைச்சுருவோம். வயித்துல ஸ்டோமா வெப்போம். அது நிரந்தரம்ங்க."

ஸ்டோமா என்பது குடலின் முனையை வயிற்றுத் தோலில் வெளியே கொண்டுவந்து தைக்கும் வாய். அதன்மேல் ஒரு பையை ஒட்டிக்கொள்ள வேண்டும். மலம் அதில் சேரும். எத்தனையோ நோயாளிகளுக்கு இதை நானே விளக்கியிருக்கிறேன்.

"மறுபடி டூட்டிக்குப் போக முடியுமுங்களா டாக்டர்? ஊர் ஊராப் போறவ நான். அதெல்லாம்?"

"மொதல்ல பொழைச்சுக்கலாம்ங்க."

"எனக்கு ரெண்டும் வேணுமுங்க" என்றேன். அவர் சிரிக்கவில்லை. "சரிங்க, பாப்போம்" என்று எழுதத் தொடங்கினார்.

ஜெரோமின் வேலையையும் ரீனாவின் பன்னிரண்டாம் வகுப்பையும் விட முடியாது. அவர்கள் மஸ்கட்டில் இருந்தார்கள். நான் நீண்ட விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு அண்ணன் வீட்டில் தங்கினேன். ஐந்து வாரம், ஞாயிறும் சனியும் தவிர, அவிநாசி ரோட்டில் அண்ணனின் ஆம்னி வேனில் கதிர்வீச்சுக்குப் போய்வந்தேன். பக்கத்துக் கட்டடத்தில் அண்ணனின் தறிகள் ஓடிக்கொண்டே இருக்கும். மயக்கமும் எரிச்சலுமாகப் படுத்திருக்கும்போது, அந்தச் சத்தம் நின்றால்தான் விழிப்பு வரும்.

அந்த வேனைப் பற்றிச் சொல்ல வேண்டும். வெளிநாட்டில் பிள்ளை வளர்க்கும் தாய்க்குச் சொந்த ஊர் என்பது ஆண்டுக்கு முப்பது நாள். அந்த முப்பது நாளில் ஒரு பயணம் கட்டாயம். எல்லாரும் அந்த வேனுக்குள் அடைந்து கிளம்புவோம். வால்பாறை ஏறும்போது ரீனா அண்ணியின் மடியில் வாந்தி எடுத்திருக்கிறாள். வேளாங்கண்ணிப் பயணத்தில் வழி தவறி, ஒரு கல்யாண மண்டபத்தில் புகுந்து யாரோ வீட்டு விருந்தைச் சாப்பிட்டோம். என் மகளுக்கு மாமா, அத்தை என்கிற உறவெல்லாம் அந்தச் சீட்டுகளில் இடித்துப் பிடித்து உட்கார்ந்ததில் வந்தவைதான். அதனால்தான் டாக்டரிடம் பயணத்தைப் பற்றிக் கேட்டேன். பொழுதுபோக்குக்காகக் கேட்கவில்லை.

ஆபரேசன் முடிந்து நான்கு நாள் நான் என் வயிற்றைப் பார்க்கவில்லை. நோயாளிகளுக்கு எத்தனை பை மாற்றியிருப்பேன் என்பதற்குக் கணக்கே இல்லை. "பாருங்க, தொட்டுப் பாருங்க, ஒண்ணும் ஆகாது" என்று எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறேன். எனக்கென்று வந்ததும் கூரையைப் பார்த்தபடி படுத்திருந்தேன். அவர்களில் யாரையாவது நான் அவசரப்படுத்தியிருந்தால், இங்கே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். ஐந்தாம் நாள் பார்த்தேன். சிவப்பாக, ஈரமாக, கன்னத்தின் உட்புறம்போல இருந்தது. தொட்டேன். வலி இல்லை. அதற்கு வலிக்கும் நரம்பு கிடையாது என்பது எனக்குத் தெரியும். தெரிந்திருந்தும் நுனிவிரலால்தான் தொட்டேன்.

வீட்டுக்கு வந்த பிறகு கீமோ. பார்க்க வருகிறவர்களிடம் அண்ணன், "வயித்துல ஒரு கட்டிங்க, எடுத்தாச்சு" என்பதோடு நிறுத்திக்கொள்வார். பையைப் பற்றிப் பேசமாட்டார். அண்ணி மூன்று வேளையும் குழையக் குழையச் சோறு ஊட்டாத குறையாகக் கொடுத்தார். ஆனால் நான் பை மாற்றப் போனால் அந்தப் பக்கமே வரமாட்டார். அவர்கள் அன்பில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் அந்த வீட்டில் நான் மெல்ல மெல்ல மறைத்து வைக்கப்படுகிற பொருளாகிக்கொண்டிருந்தேன்.

ஒருநாள் அண்ணன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "வேலைய விட்டுப்போடு அம்மணி. மாப்பிள்ளை அங்க சம்பாதிக்கட்டும். நீ இங்கயே எங்ககூட இரு. உனக்கென்ன கொறை?"

"கொறை ஒண்ணும் இல்லீங்ண்ணா. ஆனா நான் போகோணும்."

"இதைக் கட்டிக்கிட்டா?"

"ஆமாங்க. இதைக் கட்டிக்கிட்டுத்தான்."

கீமோ முடிந்து, ரீனாவின் பரீட்சையும் முடிந்து, அவளும் ஜெரோமும் ஊருக்கு வந்தார்கள். இந்த ஆண்டுப் பயணம் கொடிவேரி என்று நான்தான் அறிவித்தேன். கோபிசெட்டிபாளையம் தாண்டி, பவானி ஆற்றில் இருக்கும் தடுப்பணை. அகலமான திரைபோலத் தண்ணீர் விழும், அதன் அடியில் நின்று குளிக்கலாம். புண் ஆறிவிட்டது, குளிக்கலாம் என்று டாக்டர் ஏற்கெனவே சொல்லியிருந்தார். அண்ணன் முகம் சுருங்கியது. நான் மாற்றுப் பை, துடைக்கத் துணி, சோப்பு, மாற்றுச் சுடிதார் எல்லாம் எடுத்து வைத்துக்கொண்டேன்.

கோபிக்கு ஐந்தாறு கிலோமீட்டர் இருக்கும்போது இடுப்பில் வெதுவெதுப்பாக உணர்ந்தேன். பையின் ஓரம் விட்டிருந்தது. அடுத்த நிமிடம் வேன் முழுக்க நாற்றம். ரீனா சத்தமில்லாமல் கண்ணாடியை இறக்கினாள். அண்ணன் வேகத்தைக் குறைத்தார்.

"திரும்பிப் போயரலாம் அம்மணி. இன்னொரு நாளைக்கு வருவோம்."

சரி என்று சொல்லிவிட்டால் எவ்வளவு சுலபம் என்று தோன்றியது. இன்றைக்குத் திரும்பினால் அந்த இன்னொரு நாள் வராது என்பதும் தெரிந்தது.

"திருப்பாதீங்ண்ணா. திருப்புனீங்கன்னா நான் இங்கயே எறங்கிக்குவனுங்க. அந்த மோட்டார் ரூம் பக்கம் நிறுத்துங்க."

சாலையோரம் வாழைத்தோப்பு. உள்ளே ஒரு மோட்டார் ரூம், அதையொட்டித் தண்ணீர்த் தொட்டி. ஆட்டுக்குத் தழை ஒடித்துக்கொண்டிருந்த ஒரு பெண் நிமிர்ந்து பார்த்தார். "ஏனுங்க, யாரு வேணுமுங்க?"

மஸ்கட்டில் ஆங்கிலத்திலும் அரபியிலும் இதையெல்லாம் சொல்லிப் பழகியவள் நான். தமிழில், எனக்காகச் சொல்வது அதுதான் முதல்முறை. "எனக்குப் புத்துநோய் வந்து ஆபரேசன் பண்ணியிருக்குதுங்க. வயித்துல பை வெச்சிருக்குது. அது விட்டுப்போச்சுங்க. கழுவிக்கோணும்."

"அதுக்கென்னுங்க. மோட்டாரப் போட்டுவிடறேன், நல்லாக் கழுவிக்கங்க" என்றார். தழையைக் கீழே போட்டுவிட்டு உள்ளே போய் ஸ்விட்சைப் போட்டார். அவ்வளவுதான்.

மோட்டார் ரூமுக்குள் நான் சுடிதாரைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பழைய பையைப் பிரிக்கும்போது வாசலில் நிழல் விழுந்தது. அண்ணி. கையில் ஒரு வாளித் தண்ணீர்.

"ஒத்தக் கையில எப்படிப் பண்ணுவே? கொடு இங்க" என்று சுடிதாரின் ஓரத்தை வாங்கிப் பிடித்துக்கொண்டார். பிறகு பார்த்தார். நான் தோலைக் கழுவி, துடைத்து, காயவிட்டேன். அவர் பார்வையை எடுக்கவில்லை.

"வலிக்குதா?"

"இல்லீங்க அண்ணி. தொட்டாலும் தெரியாது."

"கொழந்த வாயாட்ட இருக்குது" என்றார். பிறகு, "நான் என்னென்னமோ நெனச்சுப் பயந்துட்டு இருந்தேன் ஸ்டெல்லா. அதான் கிட்ட வரலே" என்றார். புதுப் பையை ஒட்டி, சூடு ஏறட்டும் என்று உள்ளங்கையை அதன்மேல் வைத்து அழுத்தினேன். பசை நன்றாகப் பிடிக்க அப்படிச் செய்ய வேண்டும். கொஞ்ச நேரத்தில் என் கையை விலக்கிவிட்டு அண்ணி தன் கையை வைத்தார்.

வெளியே அண்ணனும் ஜெரோமும் சீட்டைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். அண்ணி வேனில் ஏறியதும் சொன்னார்: "கொடிவேரிக்கே வுடுங்க. அங்க பொரிக்கற மீனு ஸ்டெல்லாவுக்கு வாங்கித் தரோணும்."

அன்று அணைக்கு அடியில் நானும் ரீனாவும் கைகோத்து நின்றோம். தண்ணீர் தோளில் அடித்தது. பை அசையவில்லை. கூட்டத்தில் சிலர் ஈர உடைக்கு மேல் தெரிந்த புடைப்பைப் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று விட்டேன். அண்ணன் கரையில் துண்டோடு நின்றார். அதன்பின் வேலையை விடச் சொல்லி அவர் ஒருமுறையும் பேசவில்லை.

இப்போது மஸ்கட்டில் இருக்கிறேன். வார்டு மாறியிருக்கிறேன், பாரம் தூக்குவதில்லை. ஸ்டோமாவுக்கு நேரம் காலம் கிடையாது. டாக்டர் ரவுண்ட்ஸில் சத்தம் போடும், சர்ச்சில் பூசை நடுவிலும் போடும். முன்பு என் உடம்பு நான் சொன்னபடி கேட்கும் என்று நினைத்திருந்தேன். இப்போது அது பேசுகிறது, நான் கேட்டுக்கொள்கிறேன். சில நாள் அதன்மேல் கோபம் வரும். பெரும்பாலும் வருவதில்லை.

காலமும் மாறிவிட்டது. ஒரு பரிசோதனையிலிருந்து அடுத்த பரிசோதனை வரைதான் என் ஆண்டு. நடுவில் இருக்கும் மாதங்களில் திட்டம் எதுவும் போடாமல் காத்திருக்கவே மனம் சொல்லும். அடுத்த ஸ்கேன் டிசம்பரில். பனியைப் பார்க்க வேண்டும், ஜார்ஜியாவுக்குப் போகலாம் என்றாள் ரீனா. ஜனவரிக்கு நான்கு டிக்கெட் எடுத்திருக்கிறேன். நான்காவது அண்ணிக்கு. தேவைப்பட்டால் ரத்து செய்துகொள்ளும்படி எடுக்கலாமா என்று ஜெரோம் கேட்டிருந்தார். வேண்டாம் என்றேன்.