நீ அவுட்டு!

மூன்றாம் வகுப்புக் கோடை விடுமுறையில், நாற்காலி சுற்றும் ஆட்டத்தில் என்னை வெல்ல ஆளே இல்லை. எதிரே ஆடியவர்கள் எல்லாரும் பெரியவர்கள். நான் ஓடிவந்தால் பாவம் என்று விலகிக்கொள்வார்கள். அதை என் திறமை என்று தெருவெல்லாம் பீற்றிக்கொண்டு திரிந்தேன்.

ஆட்டம் நடந்தது பருத்திப்பட்டு ஏரிக்குப் பக்கத்தில், நாட்பட்ட மனச்சிதைவு நோய் உள்ளவர்கள் பகலில் வந்துபோகும் ஒரு வீட்டில். அம்மா என் சித்தப்பாவை அங்கே அழைத்துப்போவாள். தனியே விட்டால் எதையாவது உடைப்பேன் என்று என்னையும். சித்தப்பாவின் காதில் கேட்ட குரல்களை மாத்திரை அடக்கியிருந்தது. ஆனால் எதிலும் நாட்டமில்லை, பேச்சுமில்லை. உட்காரவைத்தால் உட்கார்ந்திருப்பார். ஆட்டமும் பாட்டும்தான் மீதி வைத்தியம் என்றிருந்தார் டாக்டர். அப்பா வேலையிலிருந்து வந்ததும் என்னிடம்தான் கேட்பார்: "இன்னா நைனா, இன்னிக்காவது சித்தப்பன் எயுந்து ஆடுனானா?"

எங்கே ஆட? பாட்டு ஓடும்போதும் உட்கார்ந்திருப்பார், நின்றபிறகும் உட்கார்ந்திருப்பார். "போங்காட்டம்க்கா!" என்று கத்துவேன். ஆட்டம் நடத்தும் அக்கா அவர் நாற்காலியைக் கணக்கில் சேர்க்காமல் ஓரமாகப் போட்டுவிடுவார்.

ஒருநாள் கடைசிச் சுற்றுக்கு முன் சித்தப்பா டீ வாங்க எழுந்தார். எனக்குக் கை சும்மா இருக்குமா? அவர் நாற்காலியை இழுத்து, அந்தச் சுற்றின் ஒரே நாற்காலியாக நடுவில் போட்டேன். பாட்டு தொடங்கியது. நான் இடுப்பை ஆட்டி ஆட்டிச் சுற்றினேன். சித்தப்பா டம்ளரைக் கீழே வைத்தார். என் பின்னால் நடந்தார். அக்கா பாட்டை நிறுத்தவேயில்லை. எனக்கு மூச்சு வாங்கியது. அவர் இன்னும் நடந்தார். ஒருவழியாகப் பாட்டு நின்றதும் வழக்கம்போல் பாய்ந்தேன். விலா எலும்பில் ஓர் இடி! நான் கேரம் போர்டுக்கு அடியில் கிடந்தேன்.

சித்தப்பா நாற்காலியில் கால்மேல் கால் போட்டுக்கொண்டு, "நீ அவுட்டு!" என்றார்.

கூடமே கைதட்டியது. அம்மா என்னைத் தூக்காமல் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

சாயங்காலம் அழுதுகொண்டே அப்பாவிடம் முறையிட்டேன்.

"இடுப்பாலயா இடிச்சான்? எங்க, இன்னொரு தபா சொல்லு!"

அனுதாபம் போதவில்லை என்று, செவுத்தில் மோதினேன், தலை சுற்றியது என்று கூட்டிச் சொன்னேன். கூட்டக் கூட்ட அப்பாவின் முகம் மலர்ந்தது. மாமாவுக்குப் போன் போட்டு, என்னையே மறுபடி சொல்லவைத்தார். பெற்ற பிள்ளை அடிபட்ட கதையை இப்படி ருசித்துக் கேட்கும் தகப்பன் ஆவடி முழுக்கத் தேடினாலும் கிடைக்கமாட்டான் என்று கறுவிக்கொண்டே தூங்கிப்போனேன்.