மூன்றாம் பந்தியில் ஒரு கடிதம்

அவரை நான் சந்தித்தது ஹுத்தான் மெலிந்தாங் தோட்டக் கோயில் திருவிழாவில். எண்பதுகளின் தொடக்கம். ஒடிசலான உடம்பு, காக்கிச் சட்டை, கக்கத்தில் துணிப்பை. நில அலுவலகச் சிப்பந்தி. அன்னதானப் பந்தியில் வரிசை வரிசையாக நடந்து, ஒரு பெயரைச் சொல்லி, "இவங்கள தெரியுமா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

சாம்பார் வாளியோடு நின்ற எனக்கு எரிச்சல். "என்னாண்ணே, சாப்புடுறவங்கள தொந்தரவு பண்ணிக்கிட்டு?"

"இந்தக் கடலோரத்த அரசாங்கத்துல எடுத்து, பாதுகாப்புக் காடா வைக்கப் போறாங்க. அதுக்கு முந்தி, அங்க நெலம் வச்சிருக்கவங்கள தேடிச் சொல்லணும். சட்டம் அப்படி."

"நோட்டீஸ அங்கயே ஒட்டிட்டுப் போலாமே?"

"கடலோரச் சேத்துல நிக்கிற பாக்காவ் மரத்துல ஒட்டுனா நண்டுதான் படிக்கும்லா. எங்க பொழைக்கப் போனாலும் திருவிழாவுக்கு வந்துருவாங்க. அதான் வந்தேன்."

மூன்றாம் பந்தியில் ஓர் அக்கா இடக்கையைத் தூக்கினார். சுங்கை சிப்புட்டில் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டுகிறவர். கடலோரத்தில் அப்பா விட்டுப்போன தென்னந்தோப்பு அவர் பெயரில் இருந்தது. அக்கா கை கழுவி வரும்வரை காத்திருந்து, சிப்பந்தி இரண்டு கையாலும் கடிதத்தைக் கொடுத்தார்.

"நான் வேணாம்னு சொல்லலாமா?"

"விசாரணை வைப்பாங்க, அங்க வந்து சொல்லலாங்க்கா. தோப்புக்குப் பதிலா என்ன வேணும்னும் கேக்கலாம். அதுக்குத்தான் தேடுறோம்."

"அப்ப விசாரணைக்கு வாரேன்" என்றார் அக்கா, நிமிர்ந்து நின்று.

எவ்வளவு தூரம் தேட வேண்டும் என்று அந்தச் சட்டம் சொல்லியிருக்குமா? இன்றும் எனக்குத் தெரியாது. இலை போட்டு சிப்பந்தியை உட்காரச் சொன்னேன்.

"இன்னும் ரெண்டு பேரு இருக்காங்க" என்று பையைத் திறந்தார்.

நான் வாளியைக் கீழே வைத்தேன். நாலாம் பந்தியில் பெயரை உரக்கக் கூப்பிட்டது நான்தான்.