பாக்கெட் வேண்டாம் என்ற பொடிசு

ஊசியக்கா என்றுதான் எல்லாரும் கூப்பிடுவார்கள். தையல் தொழில் என்பதற்காக மட்டுமல்ல, வாயும் அப்படித்தான். அவள் கடையில் காஜா எடுத்து, பட்டன் தைத்து வயிறு வளர்ப்பவள் நான். மூன்று மிஷின், ஒரு வெட்டு மேஜை, கூரை முட்ட அடுக்கிய துணி, இவ்வளவுதான் கடை. பக்கத்துத் தனியார் பள்ளிக்கூடத்தின் சீருடை வேலை இருப்பதால் எங்கள் பிழைப்பு ஓடிக்கொண்டிருந்தது.

எங்கள் மிஷின்களுக்கு எண்ணெய் விட்டு, பெல்ட் மாட்டிக்கொடுக்க ஒரு மெக்கானிக் வருவான். சிரித்த முகம். அவனுக்குக் கை சுத்தமில்லை என்பது பிறகுதான் தெரிந்தது. ரிப்பேர் என்று சொல்லித் தூக்கிப்போன எங்கள் மோட்டாரை விற்றுத் தின்றுவிட்டான். ஓர் ஆலையிலும் அதே வேலையைக் காட்டி, மாட்டிக்கொண்டு, உள்ளே போனான். அவன் மனைவி பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த வீடுகள் ஒவ்வொன்றாகக் கதவைச் சாத்தின. அதே பள்ளியில் படித்துக்கொண்டிருந்த மகளை நிறுத்தப்போகிறாள் என்று கேள்விப்பட்டதும் அக்கா பாதித் தையலில் மிஷினை விட்டுவிட்டு எழுந்து போனாள். அன்றிலிருந்து அந்தப் பொடிசின் படிப்புச் செலவு அக்காவுடையது.

கடைக்கு வருகிறவர்கள் சும்மா இருப்பார்களா? உன்னிடமே திருடியவன் மகளுக்கா என்று உச்சுக் கொட்டினார்கள். ஒரு குழந்தையின் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொள்ள எத்தனை பேருக்கு நேரம் இருக்கிறது பாருங்கள்.

"மோட்டாரைத் தூக்கிட்டுப் போனது அவன். அந்தப் பொடிசு எதைத் தூக்கிட்டுப் போச்சு?" என்று அக்கா கேட்பாள். அதற்குமேல் பேசியவர்களுக்கு ரவிக்கை சொன்ன நாளில் கிடைக்காது.

பணம் கட்டினால் முடிந்துவிடுமா? வகுப்பில் ஒரு ரப்பர் காணவில்லை என்றால் முதலில் கவிழ்க்கப்படுவது பொடிசின் பை. ரப்பர் எப்போதும் தொலைத்தவன் காலடியிலேயே கிடக்கும். ஆனால் தப்பு எங்களுடையது என்று சொல்ல அங்கே ஒருத்தருக்கும் வாய் வராது. அக்கா போய்ச் சண்டை போட்டாள். இனி நடக்காது என்று தலையாட்டி அனுப்பினார்கள். நாங்களும் நம்பினோம்.

இந்த வருஷச் சீருடைக்கு ஆர்டர் கொடுக்கத் தலைமை ஆசிரியை நேரில் வந்தார். உதவியில் படிக்கிற பிள்ளைகளுக்கு மட்டும் சட்டைப் பாக்கெட் விளிம்பில் மஞ்சள் துணியில் மெல்லிய பைப்பிங் வைக்க வேண்டும் என்றார். உதவி செய்கிற பெரிய மனிதர்கள் பார்க்க வரும்போது, யார் யார் என்று ஒரே பார்வையில் தெரிய வேண்டுமாம். நீங்களும் ஒரு பிள்ளையைப் படிக்க வைக்கிறீர்கள், உங்களுக்கும் பெருமைதானே என்று ஒரு சிரிப்பு வேறு. சந்தைக்கு ஓட்டிப்போகிற ஆட்டுக்குத்தான் அப்படி அடையாளம் வைப்பார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அக்கா அதிசயமாகச் சண்டை போடாமல் ஆர்டரை நோட்டில் எழுதிக்கொண்டாள். இந்த ஆர்டர் போனால் மூன்று மிஷினும் தூசி படிந்து கிடக்க வேண்டியதுதான், அது அவளுக்குத் தெரியும்.

சாயங்காலம் பொடிசு அளவு கொடுக்க வந்தாள். கையை விரித்து நின்றவள், மெதுவாகச் சொன்னாள்:

"அத்தை, எனக்குப் பாக்கெட் வைக்காதீங்க."

மஞ்சள் சங்கதி அவள் காதில் விழுந்துவிட்டது போல என்று நினைத்தேன். அது இல்லை.

"பாக்கெட் இருந்தாதானே டீச்சர் தினமும் ஸ்கூல் விட்டதும் வாசல்ல நிறுத்திப் பாக்குறாங்க. இல்லன்னா நானும் எல்லார் கூடவும் ஓடிடுவேன்."

தினமும். அவள் ஒருத்தியை மட்டும். இத்தனை நாள் எங்களிடம் மூச்சு விடவில்லை. பாக்கெட் இல்லாமல் தைக்க முடியாது என்றால் பள்ளிக்கூடமே வேண்டாம், கடையில் உட்கார்ந்து நூல் வெட்டுகிறேன் என்றாள். வேண்டாம் என்று அவள் சொன்ன விதத்தில் அழுகைகூட இல்லை. யோசித்து முடிவு செய்துவிட்டு வந்திருந்தாள்.

அவள் போன பிறகும் அளவு நாடா அக்கா கையிலேயே தொங்கிக்கொண்டிருந்தது.

"அப்பன் கையில விலங்கு போட்டாங்க, சரி. இது பாக்கெட்லயும் போடுவாங்களாடி?"

மொத்தச் சீருடை வேலையில் ஒவ்வொரு சட்டையாக வெட்ட மாட்டோம். துணியை அடுக்கடுக்காகப் போட்டு ஒரே வெட்டு. பாக்கெட்டெல்லாம் ஒரே குவியலாக விழும். அதில் இது இன்னார் பிள்ளைக்கு என்று எதுவும் இருக்காது, நாம் பிரித்தால்தான் உண்டு. அக்கா பிரிக்கவில்லை. மறுநாள் கடைத்தெருவுக்குப் போய் மஞ்சள் துணியைச் சொந்தக் காசில் சுமந்து வந்தாள். ஒரு சட்டை விடாமல் எல்லாப் பாக்கெட்டுக்கும் மஞ்சள் விளிம்பு அடித்தோம். தலைமை ஆசிரியையின் மகனும் அங்கேதான் படிக்கிறான். அவன் சட்டைக்கு மட்டும் அக்கா தானே உட்கார்ந்து, இன்னும் கொஞ்சம் பட்டையாகவே வைத்தாள்.

பள்ளி திறப்பதற்கு முந்தின நாள்தான் மூட்டைகளை அனுப்பினாள். பிரித்துப் பார்த்தாலும் மாற்ற நேரம் இருக்கக்கூடாது. திறந்த அன்று பள்ளிக்கூடம் முழுக்க மஞ்சள். சட்டை எடுப்பாக இருக்கிறது என்று பெற்றோர்கள் பாராட்டினார்களாம். அன்று மதியமே தலைமை ஆசிரியை கடை வாசலில் நின்றார்.

"எல்லாருக்கும் வச்சா அந்தப் பிள்ளைங்களை எப்படிக் கண்டுபிடிக்கிறது?"

"கண்டுபிடிச்சு என்ன பண்ணப் போறீங்க? பாக்கெட்டைத் தேடத்தானே?"

அவருக்கு முகம் செத்துவிட்டது. இனி அந்தக் குழந்தையை வாசலில் நிறுத்தினால், மிஷினைத் தூக்கிவந்து அதே வாசலில் போட்டு, போகிற வருகிற பெற்றோர் எல்லாரிடமும் காரணம் சொல்லித் தைப்பேன் என்றாள் அக்கா. அடுத்த வருஷம் ஆர்டர் உங்களுக்கு இல்லை என்று சொல்லிவிட்டு அவர் படியிறங்கினார். எங்கள் பிழைப்பில் முக்கால்வாசி அவரோடு போயிற்று. போகட்டும்.

சாயங்காலம் பொடிசு மூச்சிரைக்க ஓடி வந்தாள். இன்றைக்கு யாரும் நிறுத்தவில்லை, எல்லாரோடும் ஓடி வந்தேன் என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். கொஞ்ச நேரம் துண்டுத் துணிகளை வைத்து விளையாடினாள். கிளம்பும்போது கடை வாசலில் நின்றாள். இரண்டு விரலால் பாக்கெட்டை விரித்து எங்களிடம் காட்டிவிட்டு, போகலாம் என்று நாங்கள் சொல்வதற்காகக் காத்திருந்தாள். நாங்கள் கேட்கவே இல்லை.

பாவிகளா, இதைத்தானா படிப்பு என்று சொல்லிக் கொடுத்தீர்கள்?

அக்கா எழுந்து வந்தாள். என் டப்பாவிலிருந்து ஒரு பிடி பட்டனை அள்ளி அந்தப் பாக்கெட்டில் போட்டாள்.

"இது உன்னுது. யார் கேட்டாலும் காட்டாத. நான் கேட்டாலும் காட்டாத."

பொடிசு என்னைப் பார்த்தாள். பட்டனுக்குக் கணக்கு நான்தான் என்று அவளுக்குத் தெரியும். ஓடு என்றேன். பாக்கெட்டை ஒரு கையால் பொத்திக்கொண்டு ஓடினாள்.